எட்டாம் நம்பர் பூட்ஸ்

விழுப்புரம்,
8.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வல்லரசு எழுதுவது. நான் நலம். நீயும் மாமாவும் நலம்தானே? இந்த வரி இல்லாமல் கடிதம் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன் என்று மிரட்டினாய். எழுதிவிட்டேன்.

இங்கிருந்து சின்னத்தாங்கலுக்கு ஒன்றரை மணி நேரம் பஸ். இரண்டு பேர் கையிலும் போன் இருக்கிறது. அப்படியும் கடிதம் எழுதிக்கொள்கிற அக்கா தம்பி இந்த ஜில்லாவில் நாம் இருவராகத்தான் இருப்போம். ஆனால் நீ சொன்னதில் தப்பில்லை. போனில் நான் பாதியில் வைத்துவிடுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது. உன் வீட்டு முன்னறையில் நீ நடத்துகிற கிளை அஞ்சலகத்துக்கும் மாதம் இரண்டு கடிதமாவது வந்தால் நல்லதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஏரிச் சேறு எனக்கு வேண்டும்.

சிரிக்காதே. திண்டிவனம் பக்கத்து முலாம் பட்டறைகளின் கழிவுநீர் எல்லாம் வந்து சேர்கிற சுத்திகரிப்பு நிலையத்தில் எங்கள் கல்லூரி லேப்புக்கு ஒரு தொட்டி கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் குரோமியம் என்ற விஷ உலோகம் இருக்கிறது. அதை எடுக்க மருந்து போட்டால் செலவு, போடாவிட்டால் கேடு. என் வழி வேறு. ஏரிச் சேற்றில் ஒரு வகை பாக்டீரியா உண்டு. அதன் உடம்புக்குள் இரும்புத் துகள்கள் மணி கோத்த மாதிரி வரிசையாக இருக்கும். காந்தத்தை எங்கே காட்டுகிறாயோ அந்தப் பக்கம் நீந்தி வரும். அதைக் கழிவில் விட்டால் குரோமியத்தைத் தன்மேல் பிடித்துக்கொள்ளும். பிறகு காந்தம் வைத்து மொத்தமாக ஓரத்துக்கு இழுத்து வழித்து எடுத்துவிடலாம். அவ்வளவுதான்.

சீனுவாசன் மாமாவிடம் சொல். வாய்க்கால் ஏரியில் விழுகிற இடத்தில், முழங்கால் ஆழத்தில், ஒரு கேன் சேறு. காலைப் பால் வண்டியில் போட்டால் நிலையத்து கேட்டில் இறக்கிவிடுவார்கள். கல்லூரியில் வகுப்பெடுக்கிற வேலையும் இருக்கிறது, அலைய நேரமில்லை. மாமா நம்பவில்லை என்றால் ஒரு பாட்டிலில் பாதி சேறு, பாதி ஏரித் தண்ணீர் ஊற்றி, வெளியே பக்கவாட்டில் காந்தத்தை ஒட்டி நிழலில் வைக்கச் சொல். மறுநாள் காந்தத்துக்கு நேராகக் கண்ணாடியில் ஒரு பழுப்புப் பொட்டு வரும். அதுதான் அவை.

பொங்கலுக்கு வர முடியாது. வேலை.

அன்புடன்,
வல்லரசு


சின்னத்தாங்கல்,
23.1.2025

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா தையல்நாயகி எழுதுவது. நாங்கள் நலம். பசு நலம், கன்று நலம். பொங்கலுக்கு நீ வராததால் கரும்பு மட்டும் மிச்சம்.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மாமா தலையில் அடித்துக்கொண்டார். “இன்னா தையலு, எம்.டெக். முடிச்சுட்டு உன் தம்பி சேறு கேக்குறான்? நான் அஞ்சாவது படிச்சுட்டு அதிலதான் நிக்கிறேன். ரெண்டு பேரும் ஒரே எடத்துக்குத்தான் வந்து சேர்ந்தோமா?” என்றார். ஆனாலும் போனார். டிசம்பர் புயலில் ஏரி நிரம்பி இன்னும் தளும்புகிறது. வாய்க்கால் வாயில் முழங்கால் சேற்றில் நின்று அள்ளி வந்தார்.

காந்தத்துக்கு எங்கே போவது? பழைய டேப்ரெக்கார்டர் ஸ்பீக்கரை உடைத்து எடுத்தார். பாட்டிலில் ஒட்டி என் தபால் மேசைக்கு அடியில் வைத்தோம். மறுநாள் காலை பல் கூட விளக்காமல் போய்க் குனிந்து பார்த்தவர், “அடியே, வந்துட்டாங்கடி!” என்று கத்தினார். சுண்டுவிரல் நகம் அளவு பொட்டு. காந்தத்தை இந்தப் பக்கம் மாற்றினால் சாயங்காலத்துக்குள் பொட்டும் இந்தப் பக்கம் வந்துவிடுகிறது. அன்றிலிருந்து தபால் வாங்க வருகிறவர்கள், வாங்காதவர்கள் எல்லோருக்கும் காட்டுகிறார். ஊரில் அதற்குக் காந்தப்புழு என்று பேர் வைத்தாகிவிட்டது. உன் பேர் காந்தப்புழு வாத்தியார்.

கேனோடு ஒரு சின்ன பாட்டிலும் அனுப்பியிருக்கிறேன், பார். அது நம் கிணற்றுத் தண்ணீர். பஞ்சாயத்துக் குழாய் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது. குடிக்க, சமைக்க எல்லாம் கிணறுதான். கொஞ்ச நாளாக எவர்சில்வர் குண்டானில் பிடித்தால் அடியில் மஞ்சள் அடிக்கிற மாதிரி தெரிகிறது. பக்கத்து வீட்டு கிருஷ்ணவேணி என் கண்ணில்தான் மஞ்சள் என்கிறாள். நீ பார்த்துச் சொல். குடிக்கலாமா, கூடாதா? அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
தையல்நாயகி


விழுப்புரம்,
20.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உங்கள் நலமும் அப்படியே இருக்க வேண்டும்.

வேலை செய்கிறது! நான்கு நாளில் தொட்டியின் குரோமியம் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. லேப்பில் ஒரு வருடம் வளர்த்ததெல்லாம் கழிவில் போட்ட அன்றே செத்தது. உங்கள் ஏரியில் இருப்பது ரோஷக்காரக் கூட்டம். அந்தத் தண்ணீரிலேயே பிறந்து பழகியது, தாங்குகிறது. பேராசிரியர் என் முதுகில் தட்டினார். மூன்று வருடத்தில் இதுதான் முதல் தடவை.

நிலையத்து மேனேஜர் இருதயராஜ் நான் போகும்போதெல்லாம் வந்து தொட்டியை எட்டிப் பார்க்கிறார். “தம்பி, உன் புழு கரண்ட் தின்னாதுல்ல?” என்று கேட்கிறார். அவர் கவலை அது.

மாமாவிடம் சொல்: வாரா வாரம் ஒரு கேன் வேண்டும். இன்னும் கொஞ்சம் உள்ளே போய், வாய்க்கால் நேராக விழுகிற குழியில் எடுக்கட்டும். அங்கேதான் வலுவானது இருக்கும். ஜூன் மாதத்துக்குள் பெரிய தொட்டிக்கு மாற்றிவிடுவேன். அப்புறம் நிலையத்திலிருந்து வருகிற அந்த வாய்க்காலில் சுத்தமான தண்ணீர்தான் வரும். உங்கள் ஏரிக்கு நல்லது.

உன் கிணற்றுத் தண்ணீர் வரிசையில் இருக்கிறது. மிஷின் ஒன்று, பாட்டில்கள் நிறைய.

அன்புடன்,
வல்லரசு


சின்னத்தாங்கல்,
6.3.2025

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலத்தை நீ எழுதுவதே இல்லை, மிஷினின் நலத்தைத்தான் எழுதுகிறாய்.

மாமா ஒரு வாரம் தவறவில்லை. வயல் வேலையை விட்டுவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு போகிறார். ஒரு மணி நேரம் குழியில் நின்று துழாவுகிறார். “மேலாக இருக்கிறத அள்ளிக் குடுத்தா மச்சான் கண்டுபிடிச்சுருவான், ஆழத்துலதான் நல்ல ஜாதி இருக்குது” என்கிறார். அவரை யாரும் இதுவரை ஒரு ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டதில்லை. சந்தோஷமாக இருக்கிறார்.

காலில்தான் புண். கணுக்காலுக்குக் கீழே இரண்டு, விரல் இடுக்கில் ஒன்று. உன் பேராசிரியர் வேர்க்கடலை என்பாரே, அந்த மல்லாட்டைப் பயறு பதித்து எடுத்த மாதிரி வட்டக் குழி, ஓரம் தடித்திருக்கிறது. வலியே இல்லையாம். வலி இல்லாததால்தான் எனக்குப் பயம். டாக்டர் பார்த்துவிட்டு, வலிக்காத புண் என்றால் சர்க்கரைதான் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். கேப்பைக் களி சாப்பிட்டு, நாள் முழுக்க மண்வெட்டி பிடிக்கிற மனுஷனுக்குச் சர்க்கரையா? எனக்குத் தெரியவில்லை.

நீ செவ்வாயும் வெள்ளியும் நிலையத்துக்கு வருகிறாய் என்று பஸ் கண்டக்டர் சொன்னார். அங்கிருந்து நம் வீடு நாலு கிலோமீட்டர். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போனால் ஆராய்ச்சி ஓடிவிடுமா?

தண்ணீர் விஷயம் என்ன ஆயிற்று? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

உன் அக்கா,
தையல்நாயகி


விழுப்புரம்,
12.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமா?

இதோடு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். ரப்பர் பூட்ஸ், முழங்கால் வரை வரும். எட்டாம் நம்பர். போன தீபாவளிக்கு மாமாவுக்குச் செருப்பு வாங்கினேனே, அதே அளவு. ஏரியில் இறங்கும்போது போட்டுக்கொள்ளச் சொல். சேறு சுலபமாக எடுக்கலாம். வீட்டுக்கு வந்ததும் காலை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்.

இன்னும் சில வாரங்கள் சேறு வந்தால் போதும். நிறுத்திவிடாதீர்கள்.

மிஷின் ரிப்பேர். குடிக்கக் குழாய்த் தண்ணீரே பிடித்து வைத்துக்கொள், அதுவே நல்லது. வேலை அதிகம், அதனால் வரவில்லை. வேறொன்றுமில்லை.

வல்லரசு


சின்னத்தாங்கல்,
21.4.2025

அன்புள்ள தம்பிக்கு,

நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதுகிறேன்.

பார்சல் என் கைக்கே வந்தது, நானே முத்திரை குத்தி என் வீட்டுக்கே டெலிவரி செய்தேன். மாமா பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஏரியில் இறங்கியதைப் பார்க்கப் பாதி ஊர் வந்துவிட்டது. “இன்னா சீனு, மிலிட்டரில சேந்துட்டியா?” என்று கரையில் ஒரே கேலி. இரண்டடி வைத்தார். சேறு பூட்ஸைக் கவ்விக்கொண்டது, கால் மட்டும் மேலே வந்தது. “ஏரியில எறங்குறவன் காலை அடைச்சுக்கினு எறங்குனா சேத்தோட ஆழம் எப்படித் தெரியும்? கால்தான்டி கண்ணு” என்று கழற்றி எறிந்துவிட்டார். இப்போது இரண்டையும் மல்லாட்டைக் கொல்லையில் கம்பு நட்டுக் கவிழ்த்து வைத்திருக்கிறார். காட்டுப்பன்றி பயந்துகொண்டு வருவதில்லையாம். நீ அனுப்பியது வீண்போகவில்லை.

புண் இப்போது ஐந்து. சர்க்கரைப் பரிசோதனை நார்மல் என்று வந்தது. டாக்டர் மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. இடது காலில் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் கறுத்திருக்கின்றன. கன்று செத்துப்போயிற்று. கிருஷ்ணவேணி இப்போது என் கண்ணைக் குறை சொல்வதில்லை, அவள் கிணற்றிலும் மஞ்சள்.

குழாய்த் தண்ணீர் பிடித்து வை என்றாய். பங்குனி முடிந்து வெயில் ஏறியதும் குழாய் வாரத்துக்கு ஒருநாள் ஆகிவிட்டது. மிஷின் சரியாயிற்றா?

இந்த மாதம் என் ஆபீசில் ஒரே ஒரு ரிஜிஸ்டர் தபால்தான் பதிவானது. கனமான உறை. யார் யாருக்கு அனுப்பினார்கள் என்று நான் வெளியே சொல்லக் கூடாது. வேலை தர்மம் அப்படி.

உன் அக்கா,
தையல்நாயகி


விழுப்புரம்,
28.5.2025

அக்காவுக்கு,

நலமெல்லாம் இல்லை. எல்லாம் போய்விட்டது.

எவனோ மேலிடத்துக்கு மனு போட்டிருக்கிறான். நிலையத்துக்குச் சோதனை வருகிறது என்று முந்தின நாளே தகவல் வந்தது. இருதயராஜ் என்ன செய்தார் தெரியுமா? ஆறு மாதமாகத் தொட்டிகளின் அடியில் தேங்கியிருந்த கசடு முழுவதையும் ஒரே இரவில் வாய்க்காலில் திறந்துவிட்டார். பிறகு புளோயரைப் போட்டார். புளோயர் என்றால் தண்ணீருக்குள் காற்று ஊதுகிற பெரிய மோட்டார். சட்டப்படி அது எப்போதும் ஓட வேண்டும். கரண்டை மிச்சம் பிடிக்க அது எப்போதும் ஓடாது. என் பாக்டீரியாவுக்குக் காற்று ஆகாது. சேற்றுக்குள் பிறந்தது, காற்று அதிகமானால் செத்துவிடும். அந்த நிலையத்தில் புளோயர் ஓடாது என்று தெரிந்துதான் அங்கே தொட்டி கேட்டேன். அவர்கள் திருட்டுத்தனத்தில்தான் என் ஆராய்ச்சி உயிரோடு இருந்தது.

என் தொட்டிக்கும் அதே காற்றுக் குழாய். நான் ஓடிப் போய் வால்வை மூடப் பார்த்தேன். இருதயராஜ் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, ஆபீசர் வர்ற நேரத்துல எல்லாத் தொட்டியிலயும் நுரை பொங்கணும். உன் புழு பொழைக்கும், நான் பொழைக்க வேணாமா?” என்றார். சோதனை முடிகிற வரை ஒன்பது நாள் இரவு பகலாக ஓடியது. பத்தாம் நாள் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். ஒரு பொட்டு கூட வரவில்லை.

மனு போட்ட மேதாவிக்கு என்ன கிடைத்தது? அதிகாரிகள் நுரையைப் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள், எல்லாம் சரி என்று எழுதிவிட்டுப் போனார்கள். இன்னும் மூன்று வாரம் பொறுத்திருந்தால் பெரிய தொட்டி ஓடியிருக்கும்.

மாமாவை மறுபடி ஒரு கேன் எடுத்து அனுப்பச் சொல். முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஜல்தி.

வல்லரசு


பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து,
6.6.2025

தம்பி வல்லரசுக்கு,

எவனோ இல்லை. நான்தான்.

வாய்க்காலையும் எங்கள் கிணறுகளையும் சோதிக்கச் சொல்லி மனு எழுதியது நான். முதல் கையெழுத்து என்னுடையது, இரண்டாவது கிருஷ்ணவேணியுடையது, அதன்கீழ் இருபத்தொரு பேர். என் மேசையில் வைத்து ஒட்டி, ரிஜிஸ்டர் நம்பர் போட்டு, என் கையாலேயே முத்திரை குத்தினேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாய் என்று தெரியும். ஏன் வேண்டாம் என்பாய் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

நீ எழுதிய அந்த இரவுக்கு மறுநாள் ஏரியில் மீன் வெள்ளை வெள்ளையாக மிதந்தது. என் மனுவால் வந்தது என்று இப்போதுதான் உன் கடிதத்தில் படித்தேன். அதை நான் சுமந்துகொள்கிறேன்.

மாமாவுக்கு இடது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். இங்கே ஒரு வயசான டாக்டர் புண்ணைப் பார்த்த உடனேயே, “இவர் முலாம் பட்டறையில வேலை செய்றாரா?” என்று கேட்டார். “இல்லைங்க சார், ஏரியிலதான் வேலை” என்றார் மாமா. டாக்டர் சிரிக்கவில்லை. இது குரோமியம் தின்ற புண், வலிக்காது, குழி விழும், பட்டறை ஆட்களுக்கு வரும், பார்த்தாலே தெரியும் என்றார். மாமா பெருமையாக, “என் மச்சானும் அதுலதாங்க ஆராய்ச்சி பண்றான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் தபால்காரி. தேதி பார்ப்பதுதான் என் வேலை. புண்ணைப் பற்றி எழுதிய கடிதத்தை மார்ச் ஆறில் போட்டேன். எட்டாம் தேதி உனக்குக் கிடைத்திருக்கும். பூட்ஸ் பார்சலில் விழுப்புரம் முத்திரை மார்ச் பன்னிரண்டு. நடுவில் நாலு நாள். அந்த நாலு நாளில் உனக்குத் தெரிந்துவிட்டது. பூட்ஸ் வாங்கத் தோன்றியது, ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. அதே கடிதத்தில் சேற்றை நிறுத்தாதே என்றும் எழுதினாய்.

கேன் வராது. ஜனவரியில் ஒன்று கேட்டேன், இன்னும் அதையேதான் கேட்கிறேன். கிணற்றுத் தண்ணீரில் என்ன இருக்கிறது?

தையல்நாயகி


(அஞ்சலட்டை)

சின்னத்தாங்கல்,
30.6.2025

தம்பிக்கு. மாமாவை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். உன்னிடமிருந்து பதில் இல்லை. அட்டையில் எழுதினால் வழியில் எல்லோரும் படிப்பார்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். தண்ணீர் என்ன ஆயிற்று?

தை.


விழுப்புரம்,
19.7.2025

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நேராக எழுதுகிறேன்.

குடிதண்ணீரில் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியத்துக்கு மேல் இருக்கக் கூடாது. உன் கிணற்றில் 1.1. இருபத்திரண்டு மடங்கு. குடிக்காதே, சமைக்காதே, மாட்டுக்கும் காட்டாதே. காய்ச்சினால் போகாது, வடிகட்டினாலும் போகாது. கிருஷ்ணவேணியிடமும் சொல்.

இந்த எண் பிப்ரவரி பதினான்காம் தேதியே என் கையில் இருந்தது. வரிசையில் இருக்கிறது என்று உனக்கு எழுதியது அதற்கு ஆறு நாள் கழித்து. மிஷின் ரிப்பேராகவே இல்லை.

காரணம் கேட்பாய். நிலையத்தின் அனுமதி இல்லாமல் முடிவு எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதைத்தான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது காரணமில்லை. எண்ணைச் சொன்னால் மாமா வாய்க்காலில் இறங்க மாட்டார். சேறு வராது. ஜூனில் எல்லாம் சுத்தமாகிவிடும், அப்போது சொன்னால் பழைய கதையாகப் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். புண்ணைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததும் என்னவென்று தெரிந்துவிட்டது. புத்தகத்தில் படம் இருக்கிறது. நிறுத்தச் சொல்லாமல் பூட்ஸ் வாங்கினேன். நானும் என்னோடு இருப்பவர்களும் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் போகும்போதுகூடக் கையுறை, பூட்ஸ் இல்லாமல் போனதில்லை, முதல் நாளிலிருந்தே. மாமாவுக்கு அதை அனுப்ப எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. மனுவோடு சேர்த்து அனுப்பு. எண்ணும் தேதியும் கையெழுத்தும் இருக்கிறது. என் வேலை போகும், போகட்டும். அதனால் எதுவும் மாறும் என்று நான் நினைக்கவில்லை. எழுதத் தெரிந்ததால் எழுதுகிறேன்.

புளோயரை மறுபடி நிறுத்திவிட்டார்கள். காற்று இல்லை, கழிவு நிறைய இருக்கிறது. பாக்டீரியாவுக்கு அதைவிட நல்ல தொட்டி கிடையாது. அவைதான் இல்லை. வேறு ஐந்து ஏரிகளில் நானே இறங்கி எடுத்துப் பார்த்தேன். பொட்டு வருகிறது, கழிவில் விட்டதும் சாகிறது. உங்கள் ஏரியில் இருந்தது மட்டும்தான் தாங்கியது. அதைக் கேட்கிற முகம் எனக்கு இல்லை. அதனால் கேட்கவில்லை. இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

மாமா என்னிடம் பேசுவாரா?

வல்லரசு


சின்னத்தாங்கல்,
30.8.2025

வல்லரசுக்கு,

நலம் விசாரித்ததாகவே வைத்துக்கொள்.

எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் படிக்கிறார்கள். அப்புறம் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்குத்தான் போகிறார்கள். வேறு எங்கே போவார்கள்? உன் கடிதத்தை நகல் எடுத்து மனுவோடு மறுபடி ரிஜிஸ்டரில் அனுப்பினேன். அனுப்பிய பதினெட்டாம் நாள் பதில் வந்தது. அதையும் நான்தான் பிரித்தேன். ஏற்கெனவே ஆய்வு செய்யப்பட்டது, நிலையம் முறையாக இயங்குகிறது என்று நாலு வரி. போட்டோவும் வைத்திருக்கிறார்கள். நுரை நன்றாகவே பொங்குகிறது.

நம் கிணற்றின்மேல் பலகை போட்டு மூடிவிட்டோம். கேன் தண்ணீர் வாங்குகிறோம். பசுவைக் கொடுத்துவிட்டோம். அதற்குக் கேன் தண்ணீர் வாங்க முடியாது. மாமா தடி ஊன்றி நடக்கிறார். வரப்பில் நிற்க முடியவில்லை, இடது பக்கம் சாய்கிறார். வலது காலில் புதிதாக ஒன்று குழி விழ ஆரம்பித்திருக்கிறது.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வரி விடாமல் படித்தேன். திட்டுவார் என்று பார்த்தேன். “நம்ம ஏரியில இருந்தது மட்டும்தான் தாங்குச்சின்னு எழுதியிருக்கானா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “இன்னும் இருக்குதான்னு பாக்கலாமா?” என்றார்.

கொல்லையில் கவிழ்த்திருந்த பூட்ஸை எடுத்து வந்தேன். உள்ளே பல்லி முட்டையிட்டிருந்தது. எனக்கு அது பெரிசு, கோணிக் கிழிசலைத் திணித்துப் போட்டுக்கொண்டேன். ஏரியில் இறங்கினேன். மாமா கரையில் நின்று தடியால் காட்டினார். வாய்க்கால் வாயில் ஒன்று, குழியில் ஒன்று, மதகு ஓரம் ஒன்று. மூன்று பாட்டில். சேறு பழைய நிறத்தில் இல்லை, நாற்றமும் வேறு.

மேசைக்கு அடியில் நிழலில் வைத்து ஒன்றொன்றாகக் காந்தத்தை ஒட்டினோம். பாட்டிலுக்கு இரண்டு நாள், மொத்தம் ஆறு நாள். காலையில் எழுந்ததும் தடியை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்து பார்ப்பார். டார்ச் அடித்துப் பார்ப்பார். துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்ப்பார். ஒரு பொட்டு கூட வரவில்லை.

இதை எழுத வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். இருக்கிறது என்று தெரிந்தால் போதும் என்றாய். இல்லை.

அவர் உன்னிடம் பேசுவாரா என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. நீ வந்தால்தான் தெரியும். செவ்வாயோ வெள்ளியோ நீ அந்தப் பக்கம் வருவதில்லை என்று கண்டக்டர் சொல்கிறார்.

இன்று காலை அவர், “காந்தம் பழசு, வீக்காயிருக்கும்டி” என்றார். பாட்டிலிலிருந்து எடுத்து, மேசையில் கிடந்த ஆணிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஒரு சாண் தூரத்திலிருந்து ஆணி உருண்டு வந்து ஒட்டிக்கொண்டது. ஆணியைப் பிடுங்கிக் கீழே வைத்தார். மறுபடி காட்டினார். மறுபடி வந்து ஒட்டியது. அப்புறம் காந்தத்தைப் பாட்டிலில் ஒட்டி, மேசைக்கு அடியில் தள்ளி வைத்தார்.

தையல்நாயகி